டயர் வாங்கும்முன் அந்த மூன்றிலக்க எண்ணைப் பாருங்கள்

கடையில் "இருபத்தெட்டு டயர் குடுங்க" என்று மட்டும் கேட்டால் எது வரும் என்று சொல்ல முடியாது. பழைய பெரிய சைக்கிளின் 28 x 1½ வரலாம். ரோட் பைக்கின் 700x28சி-யும் வரலாம். முதலாவது உட்காரும் ரிம்மின் விட்டம் 635 மி.மீ., இரண்டாவதுக்கு 622. ஒன்று மற்றதில் ஏறாது. அதனால் இஞ்ச் கணக்கை மறந்துவிட்டு, டயரின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருக்கும் "28-622" போன்ற எண்ணைத் தேடுங்கள். முன்னது அகலம், பின்னது ரிம் விட்டம். பின்னது உங்கள் ரிம்மோடு அப்படியே பொருந்தியாக வேண்டும்.

சாலை ஓட்டத்துக்குப் பெரும்பாலும் 622 போதும். உயரம் குறைந்தவர்களின் சின்ன ஃபிரேமில் மட்டும், ஹேண்டிலைத் திருப்பும்போது கால் விரல் முன்சக்கரத்தில் இடிக்கும். அவர்களுக்கு 650பி (ரிம் விட்டம் 584, சற்றே சின்ன) சக்கரத்தோடு வரும் ஃபிரேம் நல்லது. 700 சக்கரத்தைக் கழற்றி 650பி போட நினைத்தால் டிஸ்க் பிரேக் இருக்க வேண்டும். ரிம் பிரேக்கில் ரிம் 19 மி.மீ. உள்ளே போய்விடும், பிரேக் கட்டை எட்டாது. 650பி-யில் அகலம் 47 போட்டால் மொத்த உயரம் 700x28-க்குச் சமமாகவே நிற்கும்.

அகலத்தில் எங்கள் கட்சி எளிது: ஃபிரேம் இடம் கொடுக்கும் வரை அகலமாகப் போங்கள். 23-இல் காற்றைக் கல்லாக அடித்து ஓட்டினால் வேகம் போலத் தோன்றும். கரடுமுரடான தாரில் ஒவ்வொரு மேடும் ஆளையே தூக்கிப் போட்டுச் சக்தியைத் தின்னும். பொதுவாக 28, பள்ளமும் ஒட்டுப்போட்ட சாலையும் தினசரி என்றால் 32.

இடம் இருக்கிறதா என்று பார்க்க 4 மி.மீ. ஆலன் கீ (அறுகோணச் சாவி) போதும். ஃபோர்க்கின் மேல்வளைவு, பிரேக் காலிப்பரின் அடிப்பக்கம், பெடல் அச்சுக்குப் பின்னால் செயின்ஸ்டே (பின்சக்கரத்துக்குப் போகும் கீழ்க்குழாய்) குறுகும் இடம் ஆகிய மூன்றிலும், டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே அது தாராளமாக நுழைய வேண்டும். 25-இலிருந்து 28-க்குப் போனால் பக்கத்துக்கு 1.5, மேலே 3 மி.மீ. போய்விடும். எழுதியிருக்கும் அகலத்தையும் முழுசாக நம்பாதீர்கள்: உள்அகலம் 21 உள்ள ரிம்மில் 28 டயர் 30-ஐத் தொடலாம், காற்றடித்து ஒரு இரவு வைத்தால் இன்னும் கொஞ்சம் விரியும். ரிம் சற்றே கோணினாலும் உரசும். மாறாக, 15 மி.மீ. ரிம்மில் 32 போட்டால் டயர் பல்ப் போல உப்பி, வளைவில் நெளியும்.

டியூப் போட்ட டயரில், 70 கிலோ ஆளுக்குத் தொடக்கக் காற்று, பின்சக்கரத்தில்: 25-க்கு 90 பிஎஸ்ஐ (பம்ப் காட்டும் காற்றழுத்த அளவு), 28-க்கு 75, 32-க்கு 60. முன்னால் 5 குறையுங்கள். பங்க்சரான டியூபில் அருகருகே இரட்டை ஓட்டை தெரிந்தால், குழியில் ரிம் இடித்து நசுக்கியிருக்கிறது, காற்று போதவில்லை. ஹூக்லெஸ் ரிம் (டயரைப் பிடிக்கும் கொக்கி விளிம்பு இல்லாதது) என்றால் 72.5 பிஎஸ்ஐ தாண்டவே கூடாது, அதற்கென அனுமதித்த டயர்தான் போட வேண்டும்.

டயர் மாற்றியதும், தூரம் காட்டும் சைக்கிள் மீட்டரில் சக்கரச் சுற்றளவையும் மாற்றுங்கள்: 700x25-க்கு 2105 மி.மீ., 700x28-க்கு 2136. விட்டுவிட்டால் 100 கி.மீ. ஓட்டியும் 98.5 என்றே காட்டும்.