குறைந்த நிதியில் ஆற்றை மீட்பது எப்படி: நித்ரா ஆறு காட்டும் வழி

1990-களில் சந்தைப் பொருளாதாரத்துக்கு மாறிய கிழக்கு ஐரோப்பிய நாடுகளுக்கு, மாசடைந்த ஆறுகளும் காலியான கருவூலமும் சேர்ந்தே வந்து வாய்த்தன. ஸ்லோவாக்கியாவின் நித்ரா ஆறு அவற்றுள் ஒன்று. அக்காலத்தில் பிரியெவிட்சா, நித்ரா முதலிய நகரங்களின் சாக்கடையையும் நோவாக்கி இரசாயன ஆலை, பொஷானி தோல் ஆலை ஆகியவற்றின் கழிவையும் சுமந்து, வாக் ஆற்றின் வழியே அது டான்யூபை அடைந்தது. ஆஸ்திரியாவின் லாக்சன்பர்க்கில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனத்தின் அறிஞர்கள் அப்போது இந்த ஆற்றை விரிவாக ஆராய்ந்தனர். எல்லா ஊர்களுக்கும் ஒரே கழிவுநீர்த் தரத்தை விதிப்பதைவிட, ஆற்று நீருக்கு ஓர் இலக்கை வகுத்து அதற்கேற்பச் செலவிடுவது மிகவும் மலிவானது என்று அவர்கள் கண்டனர்.

இவ்வழியில் செல்ல விரும்புவோர், கோடையில் நீரோட்டம் மிகக் குறையும் நாட்களில் கரைந்த ஆக்சிஜனை ஆறு நெடுக அளப்பதிலிருந்து தொடங்க வேண்டும். சாக்கடை விழும் இடத்தில் மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம். கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கச் சிதைக்க ஆக்சிஜன் குறைந்துகொண்டே போய், பல கிலோமீட்டர் தள்ளித்தான் அடிமட்டத்தைத் தொடுகிறது. அதன் பிறகே காற்றிலிருந்து பெற்று மெல்ல மீள்கிறது. ஒஹாயோ ஆற்றை ஆராய்ந்த ஸ்ட்ரீட்டரும் ஃபெல்ப்ஸும் 1925-இல் வெளியிட்ட சமன்பாடு இன்றும் இதைக் கணிக்கப் போதுமானது. ஆக்சிஜன் எந்த இடத்திலும் லிட்டருக்கு 4 அல்லது 5 மில்லிகிராமுக்குக் கீழே போகக் கூடாது என்று இலக்கு வைத்துக்கொண்டு, எந்த ஊரின் கழிவைக் குறைத்தால் அந்தத் தாழ்புள்ளி மிகக் குறைந்த செலவில் உயரும் என்று கணக்கிட்டு, அங்கேயே முதலில் பணத்தைப் போட வேண்டும். எல்லோருக்கும் ஒரே விதி என்பது நியாயமாகத் தோன்றினாலும், இருக்கும் நிதி இரண்டு மூன்று நவீன சுத்திகரிப்பு நிலையங்களிலேயே கரைந்துபோனால் மற்ற ஊர்களின் சாக்கடை அப்படியே ஆற்றில் விழும்.

தொழில்நுட்பத்தையும் படிப்படியாக உயர்த்தலாம். வெறும் படிவுத் தொட்டி கரிமக் கழிவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத்தான் நீக்கும்; அதே தொட்டியில் படிகாரமோ ஃபெரிக் குளோரைடோ கலந்தால் பாதிக்கு மேலும், பாஸ்பரஸில் பெரும்பகுதியும் படிந்துவிடும். சேறு அதிகமாகும் என்பதால், அதை அகற்றும் செலவையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

இந்தச் சிக்கனக் கணக்கை நச்சுப் பொருட்களுக்கு நீட்டக் கூடாது. தோல் ஆலையின் குரோமியம் கீழே போகப் போகச் சிதைந்து மறைவதில்லை. அதை ஆலை வாசலிலேயே தடுத்தாக வேண்டும்.

நிலையத்தைக் கட்டுவதற்கு வெளியிலிருந்து மானியம் கிடைக்கலாம். மின்சாரத்துக்கும் ஊழியருக்கும் ஆண்டுதோறும் பணம் உள்ளூரிலிருந்தே வர வேண்டும். போலந்து 1989-இல் தேசிய சுற்றுச்சூழல் நிதியத்தை அமைத்து, மாசுபடுத்துவோரிடம் வசூலித்த கட்டணத்தையும் அபராதத்தையும் அதில் சேர்த்து, சுத்திகரிப்புப் பணிகளுக்கே திருப்பிவிட்டது. கட்டணம் வெளியேற்றப்படும் கழிவின் அளவுக்கேற்ப இருந்தால், ஆலைகள் தாமாகவே மலிவான குறைப்பு வழியைத் தேடும்.

நிலையத்தை வடிவமைக்கும்போதே நுண்ணுயிர்களைக் கொண்டு கழிவைச் சிதைக்கும் பிற்கால உயிரியல் தொட்டிகளுக்கு இடம் ஒதுக்கிவிட வேண்டும். 2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இணைந்த ஸ்லோவாக்கியா, நகர்க் கழிவுநீர் பற்றிய அதன் 1991-ஆம் ஆண்டு ஆணையின் கடுமையான தரங்களுக்குப் படிப்படியாக உயர வேண்டியதாயிற்று.