தோற்கும் அணியைத் தப்பாகப் படிக்காதீர்கள்: கரோலினா பேந்தர்ஸ் ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2018 தொடங்கி 2025 வரை எட்டு சீசன். எட்டிலுமே வெற்றியைவிடத் தோல்விதான் அதிகம். அமெரிக்கக் கால்பந்தின் என்எஃப்எல் லீகில் கரோலினா பேந்தர்ஸ் ரசிகராக இருப்பவர்களின் கோபத்துக்கு யாரும் விளக்கம் கேட்கத் தேவையில்லை. ஆனால் அந்தக் கோபத்தில் நாம் கேட்பவை பெரும்பாலும் மூன்றே மூன்று: குவாட்டர்பேக்கை (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவரை) மாற்று, கோச்சைத் துரத்து, எதைக் கொடுத்தாவது ஒரு நட்சத்திரத்தைக் கொண்டுவா. இந்த அணி மூன்றையும் செய்து பார்த்துவிட்டது, அதுவும் திரும்பத் திரும்ப. 2018இல் அணியை வாங்கிய டேவிட் டெப்பர், மைதானத்தில் உட்கார்ந்து கத்தும் ரசிகனின் அவசரத்தோடுதான் அதை நடத்தினார். ஆகவே பேந்தர்ஸின் வரலாறு, ரசிகன் கேட்பது நடந்தால் என்ன ஆகும் என்பதற்கான கணக்குப் புத்தகம்.

எல்லாத் தோல்வியையும் குவாட்டர்பேக் தலையில் கட்டுவது

2020 மார்ச்சில் கேம் நியூட்டனை விடுவித்த பிறகு, ஒவ்வொரு சீசனின் முதல் ஆட்டத்திலும் ஒரு புது முகம்: 2020இல் டெடி பிரிட்ஜ்வாட்டர், 2021இல் சாம் டார்னல்ட், 2022இல் பேக்கர் மேஃபீல்ட், 2023இல் பிரைஸ் யங். நான்கு ஆண்டு, நான்கு பேர். அவர்களில் இருவர் வெளியே போனதும் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். மேஃபீல்ட், லீகில் பேந்தர்ஸ் ஆடும் அதே நான்கு அணிப் பிரிவில் இருக்கும் டாம்பா பே அணிக்குப் போய் 2023, 2024 இரண்டிலும் பிரிவுப் பட்டம் வாங்கினார். முதல் பட்டத்தை உறுதி செய்த கடைசி ஆட்டமே பேந்தர்ஸை அதன் சொந்த ஊரான சார்லட்டில் 9-0 என்று வென்ற ஆட்டம்தான். டார்னல்ட் 2024இல் மினசோட்டாவுக்கு 14 வெற்றி தேடித் தந்தார். அவரைக் கொண்டுவர பேந்தர்ஸ், புது வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில் ஒரு இரண்டாம் சுற்று, ஒரு நான்காம் சுற்று, ஒரு ஆறாம் சுற்றுத் தேர்வைக் கொடுத்திருந்தது. எய்தவன் இருக்க அம்பை நோகக் கூடாது.

யங் 2023இல் 62 முறை சேக் ஆனார், அதாவது பந்தை எறியுமுன் வீழ்த்தப்பட்டார். 2,877 யார்டு, 11 டச்டவுன், 10 இன்டர்செப்ஷன் (எதிரணி பறித்த எறிதல்). அந்த எண்ணை மட்டும் பார்த்து முடிவு கட்டியவர்கள் அவர் முன்னால் நின்றவர்களைப் பார்க்கவில்லை. குவாட்டர்பேக்கைக் காக்கும் தடுப்பு வரிசையான லைனின் உட்பக்கம் நிற்கும் இரு கார்டுகளில் ஆஸ்டின் கார்பெட், முந்தைய சீசனின் கடைசி ஆட்டத்தில் வாங்கிய முழங்கால் காயத்தோடு சீசனைத் தொடங்கினார். பிரேடி கிறிஸ்டென்சன் முதல் ஆட்டத்திலேயே கைத்தசை கிழிந்து சீசன் முழுக்க வெளியேறினார். பந்து பிடிக்கும் ரிசீவர்கள் பக்கத்தில் 33 வயதான ஆடம் தீலன் 103 பிடிப்பு, 1,014 யார்டு என்று தனியாளாக இழுத்தார். அவருக்குப் பக்கத்தில் எதிரணி பயப்படும் ஆள் ஒருவரும் இல்லை.

சேக் யாருடைய தப்பு என்பதை வீட்டிலிருந்தே ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். காட்சியைத் திரும்பப் போட்டு, பந்து எடுக்கும் கணத்தில் நிறுத்துங்கள். பாய்ந்து வருபவர்கள் எத்தனை பேர், தடுக்க நிற்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். நான்கு பேர் ஐந்து தடுப்பாளர்களை இரண்டரை வினாடிக்குள் உடைத்தால் பழி லைனுக்கு. மூன்று வினாடிக்கு மேல் நின்றும் பந்து போகவில்லை என்றால், ரிசீவர்கள் யாராவது விடுபட்டு நிற்கிறார்களா என்று பாருங்கள். நிற்கிறார் என்றால் குவாட்டர்பேக், யாருமே விடுபடவில்லை என்றால் ரிசீவர்களும் ஆட்டத் திட்டமும். தடுப்பவர்களைவிடப் பாய்பவர்கள் ஒருவர் கூடுதலாக வந்து, அந்த ஒருவர் தொடப்படாமலே குவாட்டர்பேக்கை அடைந்தால், அது லைன் வீரரின் பலவீனமே அல்ல. பந்து எடுக்குமுன் தடுப்பை மாற்றிச் சொல்லவோ, பந்தை உடனே வெளியே தள்ளவோ தவறியது அது. நேரலை ஒளிபரப்பு பந்தின் பின்னாலேயே ஓடும், அதில் ரிசீவர்கள் தெரியமாட்டார்கள். 22 பேரையும் காட்டும் மேல்கோணக் காட்சியில்தான் இது பிடிபடும்.

யங் விஷயத்தில் இன்னொன்று. அவர் உயரம் 5 அடி 10 அங்குலம். பக்கவாட்டிலிருந்து வரும் நெருக்கடியை அவர் முன்னால் ஓரடி நகர்ந்து சமாளித்துவிடுவார். நடுவிலிருந்து வந்தால் நகர இடமும் இல்லை, பார்க்க வழியும் இல்லை. அதனால்தான் 2024 மார்ச்சில் ராபர்ட் ஹண்டுக்கு 5 ஆண்டுக்கு 10 கோடி டாலர், டேமியன் லூயிஸுக்கு 4 ஆண்டுக்கு 5.3 கோடி டாலர் என்று இரு கார்டுகளில் பணத்தைக் கொட்டினார்கள். பலர் அதை வீண் செலவு என்றார்கள். எங்கள் பார்வையில் இந்த அணி பல ஆண்டுகளில் செய்த மிகச் சரியான செலவு அது. மறு சீசனில் யங் வாங்கிய சேக், முந்தைய எண்ணிக்கையில் பாதிக்கும் கீழே இறங்கியது.

இரண்டு ஆட்டத்தில் தீர்ப்பு எழுதுவது

2024இன் முதல் இரண்டு ஆட்டம் 47-10, 26-3 என்று தோல்வி. யங்கை உட்கார வைத்து ஆண்டி டால்டனை இறக்கினார்கள். டால்டன் முதல் ஆட்டத்திலேயே 36-22 என்று வென்றார். யங் கதை முடிந்தது என்று அன்றைக்கு எழுதாதவர் குறைவு. அக்டோபர் கடைசியில் டால்டனின் கட்டைவிரலில் அடிபட்டதால்தான் யங் திரும்ப வந்தார். பிறகு நியூ ஆர்லின்ஸையும், மியூனிக்கில் நியூயார்க் ஜயன்ட்ஸையும் வென்றார். கன்சாஸ் சிட்டியிடம் 27-30 வரை போய்த் தோற்றார். கடைசி ஆட்டத்தில் அட்லாண்டாவைக் கூடுதல் நேரத்தில் 44-38 என்று வீழ்த்தினார். 2025இல் அதே அட்லாண்டாவுக்கு எதிராக 448 யார்டு எறிந்து அணிச் சாதனை படைத்தார். அவர் தொடக்கத்தில் மோசமாக ஆடினார் என்பது உண்மை. அதைக் கொண்டு அவர் எதிர்காலத்தையே அளந்ததுதான் தவறு. இளம் குவாட்டர்பேக்கைக் குறைந்தது 8 ஆட்டம் தொடர்ச்சியாகப் பாருங்கள். அதிலும் மூன்றாம் டவுனில் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதில்) 7 யார்டுக்கு மேல் தேவைப்படும்போது என்ன செய்கிறார் என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

நம்முடையது அல்லாத தேர்வுக்காகத் தோற்கச் சொல்வது

எங்களை மிகவும் வருத்தும் தவறு இது. 2023இல் தோல்வி அடுக்கும்போது, 'இப்படியே தோற்றால் அடுத்த டிராஃப்டில் முதல் தேர்வு கிடைக்குமே' என்ற ஆறுதல் எங்கும் கேட்டது. அந்தத் தேர்வு சிகாகோவிடம் இருந்தது. யங்கை எடுப்பதற்காக 2023இன் முதல் இடத்தை வாங்கியபோது பேந்தர்ஸ் கொடுத்த விலை: அந்த ஆண்டின் 9ஆம், 61ஆம் தேர்வுகள், 2024இன் முதல் சுற்று, 2025இன் இரண்டாம் சுற்று, அவற்றோடு ரிசீவர் டி.ஜே. மூர். பேந்தர்ஸ் 2-15 என்று முடித்ததால் அந்த 2024 முதல் சுற்று, மொத்த டிராஃப்டின் முதல் தேர்வாகி, சிகாகோ அதில் கேலப் வில்லியம்ஸை எடுத்தது. மூர் சிகாகோவில் முதல் ஆண்டிலேயே 1,364 யார்டு.

இந்தப் பேரத்தின் கணக்கு புரிந்தால் அடுத்த பேரத்தைச் சரியாக எடைபோடலாம். அணிகள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் பழைய மதிப்புப் பட்டியலில் முதல் தேர்வுக்கு 3,000 புள்ளி, 9ஆம் தேர்வுக்கு 1,350, 61ஆம் தேர்வுக்கு 292. இரண்டும் சேர்ந்தால் 1,642. மீதி 1,358ஐத்தான் மூரும் எதிர்காலத் தேர்வுகளும் நிரப்பின. வழக்கத்தில் அடுத்த ஆண்டுத் தேர்வை ஒரு சுற்று தள்ளி, மலிவாகக் கணக்கிடுவார்கள். நல்ல அணிக்கு அது பொருந்தும். அதன் முதல் சுற்று எப்படியும் 25, 30ஆம் இடத்தில்தான் வரும். தோற்கும் அணி கொடுக்கும் எதிர்கால முதல் சுற்றோ முதல் ஐந்துக்குள் வந்து நிற்கும். கையிலிருப்பதில் விலைமிக்கதைத் தள்ளுபடி விலைக்கு விற்பது என்றால் இதுதான்.

ஆகவே தோல்வியில் ஆறுதல் தேடுமுன், தேர்வு யார் கையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். சீசனுக்குப் பிந்தைய பட்டச் சுற்றான பிளேஆஃபுக்குப் போகாத 18 அணிகள்தான் முதல் 18 இடத்தில் வரும். வெற்றி தோல்வி சமமானால், எளிய எதிரிகளைச் சந்தித்த அணி முன்னால் தேர்வு செய்யும்.

'ஸ்ட்ரௌடை எடுத்திருக்கலாம்' என்ற புலம்பலும் இதோடு சேர்ந்தது. சி.ஜே. ஸ்ட்ரௌட் ஹூஸ்டனில் முதல் ஆண்டே 4,108 யார்டு, 23 டச்டவுன், 5 இன்டர்செப்ஷன். வியக்கவைக்கும் ஆட்டம். அதே ஸ்ட்ரௌட், உடைந்த கார்டுகளுக்குப் பின்னால், மூர் இல்லாமல் சார்லட்டில் ஆடியிருந்தால்? ஆள் தேர்வைவிடக் கொடுத்த விலையைத்தான் அன்றும் கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

நட்சத்திரத்தைக் கட்டிப்பிடித்து வைத்திருப்பது

எதிர்த்திசைத் தவறு. 2022இல் தற்காப்பு வீரர் பிரையன் பர்ன்ஸுக்காக ராம்ஸ் அணி இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகள் தர முன்வந்ததாகச் செய்தி வந்தது; பேந்தர்ஸ் மறுத்தது, ரசிகர்கள் கைதட்டினார்கள். 2024 மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்த நிலையில் அவரை ஜயன்ட்ஸுக்கு விற்றபோது கிடைத்தவற்றில் பெரியது ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வுதான். வீரரின் திறமையோடு ஒப்பந்தத்தில் மீதியிருக்கும் ஆண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு ஆண்டும் விலை கரையும்.

'தூக்கி எறி' என்று சொல்லுமுன் டெட் மணி

ஓர் அணி ஓர் ஆண்டில் வீரர்களுக்குச் செலவழிக்க லீக் வைத்திருக்கும் சம்பள உச்சவரம்பில் ரசிகர்கள் சறுக்குவது பெரும்பாலும் போனஸில். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது தரும் போனஸ், பணமாக உடனே போய்விடும். கணக்கில் மட்டும் அதிகபட்சம் 5 ஆண்டுக்குப் பிரித்து எழுதுவார்கள். உதாரணத்துக்கு 2 கோடி டாலர் போனஸ் என்றால் ஆண்டுக்கு 40 லட்சம். இரண்டு ஆண்டு கழித்து வீரரை நீக்கினால், மீதி 1 கோடியே 20 லட்சமும் அந்த ஆண்டுக் கணக்கில் ஒரே அடியாக விழும். ஆட்டத்தில் இல்லாத ஆளுக்குக் கணக்கில் போகும் இந்தத் தொகைதான் டெட் மணி. ஜூன் 1க்குப் பிந்தைய நீக்கம் என்று அறிவித்தால் அந்த ஆண்டு 40 லட்சம், மறு ஆண்டு 80 லட்சம். தொகை குறையாது, தள்ளிப்போகும். 2024இல் ஓர் அணிக்கான உச்சவரம்பு 25.54 கோடி டாலர். அதில் எவ்வளவு ஏற்கெனவே வெளியேறியவர்களுக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு, புது ஆளைக் கேளுங்கள். ஒப்பந்தச் செய்தியில் வரும் மொத்தத் தொகையை நம்பாதீர்கள். உறுதியளிக்கப்பட்ட தொகை எவ்வளவு, அந்த ஆண்டுக் கணக்கில் விழுவது எவ்வளவு என்ற இரண்டும்தான் முக்கியம்.

கோச்சைத் துரத்துவதே மருந்து என்று நம்புவது

ஏழு ஆண்டு ஒப்பந்தத்தில் வந்த மேட் ரூல், மூன்றாம் சீசனின் ஐந்தாம் ஆட்டத்தோடு போனார். ஃபிராங்க் ரைக் 11 ஆட்டத்தில், 1-10 என்று போனார். ரூல் போனதில் எங்களுக்கு வருத்தமில்லை. ரைக்குக்கு அணியைக் கட்ட நேரமே தரவில்லை. கோச்சின் சம்பளம் வீரர்களின் உச்சவரம்பில் சேராது, அதனால் முதலாளிக்கு அது எளிதான வழியாகத் தெரியும். செலவு வேறிடத்தில் வரும்: புது ஆட்டப் பெயர்கள், புது கால்வைப்பு, முந்தையவர் தன் திட்டத்துக்காக எடுத்த வீரர்கள் புதியவருக்குப் பொருந்தாமல் போவது.

இந்த அணி ரசிகர் சொல்லைக் கேட்காத ஓர் இடம் உண்டு. 2024இல் பேந்தர்ஸின் தற்காப்பு 534 புள்ளி விட்டுக்கொடுத்தது. ஒரு சீசனில் லீக் வரலாற்றிலேயே அதிகம். தற்காப்பு கோச் எஜிரோ எவெரோவை நீக்கச் சொல்லிக் கூச்சல். ஆனால் அணியின் சிறந்த தற்காப்பு வீரர் டெரிக் பிரவுன் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் காயத்தால் போயிருந்தார், பர்ன்ஸ் விற்கப்பட்டிருந்தார். நடுவில் ஓட்டத்தைத் தடுக்க ஆளே இல்லை. தலைமை கோச் டேவ் கனாலிஸ் எவெரோவை வைத்துக்கொண்டார். பிரவுன் திரும்பினார், அவர் பக்கத்தில் புது ஆட்கள் சேர்ந்தார்கள். 2025இல் விட்டுக்கொடுத்த புள்ளி நூற்றுக்கும் மேல் குறைந்தது. தற்காப்பை மொத்தப் புள்ளியால் அளக்காமல், எதிரணி பந்தை எடுத்த ஒவ்வொரு முறைக்கும் சராசரியாக எத்தனை புள்ளி என்று பாருங்கள். தாக்குதல் அணி மூன்றே டவுனில் திரும்பி வந்துகொண்டிருந்தால் தற்காப்பு அணி களைத்துப்போய் நிற்கும், அந்தக் களைப்பு மொத்தப் புள்ளியில் தெரியாது.

வெற்றியையும் தப்பாகப் படிப்பது

2023இன் இரண்டு வெற்றிகள் 15-13, 9-7. இரண்டும் கடைசி நொடி ஃபீல்டு கோல் (பந்தை உதைத்து எடுக்கும் 3 புள்ளி). 2025இல் 8-9 என்று முடித்து, மூன்று அணிகள் சமநிலையில் நின்றதால் பிரிவுப் பட்டம் கிடைத்தது. பிளேஆஃபில் ராம்ஸிடம் 31-34. அந்த ஆட்டத்தில் பெருமைப்பட எல்லாக் காரணமும் உண்டு. ஆனால் அந்த சீசன் முழுக்க அணி விட்டுக்கொடுத்த புள்ளி, எடுத்ததைவிட அதிகம். இப்படிப்பட்ட அணி மறு ஆண்டு அதே ஆட்டத்தை ஆடினால் நெருக்கமான முடிவுகள் எதிர்ப்பக்கம் சாயலாம். 8 புள்ளிக்குள் முடிந்த ஆட்டங்களைத் தனியே எடுத்து, அவற்றில் எத்தனை வெற்றி என்று எண்ணிப் பாருங்கள். அந்த விகிதம் ஆண்டுக்கு ஆண்டு நிலைப்பது அரிது.

யங்கின் ஒப்பந்தம் பற்றிய பேச்சிலும் ஒரு குழப்பம் வரும். முதல் சுற்று வீரருக்கு மூன்று சீசன் முடிந்ததும் ஐந்தாம் ஆண்டு உரிமையை அணி பயன்படுத்தலாம். அவருக்கு அது 2027 சீசன். பயன்படுத்திய உடனே அந்த ஓராண்டுச் சம்பளம் முழுதும் உறுதியாகிவிடும். நீண்ட ஒப்பந்தம் வேறு, இது வேறு. முன்னதுக்கு ஆம் என்று சொல்ல எங்களுக்கு இன்னும் ஒரு முழு சீசன் வேண்டும். பின்னதுக்கு இப்போதே ஆம்.