மாட்டுங்காவில் ஒரு சாப்பாடும் ஒரு கச்சேரியும்: முதன்முறை வருவோருக்கு

மும்பையில் கச்சேரி கேட்க வருகிறவர்களில் பலர் அலுவலகம் முடிந்ததும் நேரே மாட்டுங்கா பக்கத்துச் சண்முகானந்தா அரங்குக்கு ஓடிவந்து, கச்சேரியின் தொடக்கப் பாட்டான வர்ணம் முடியும் தறுவாயில் இருட்டில் இருக்கை தேடி, பசி தாளாமல், தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தின்போது கேன்டீனுக்கு எழுந்துபோய், நிறைவுப் பாட்டான மங்களத்துக்கு முன்பே ரயிலைப் பிடிக்கப் புறப்பட்டுவிடுகிறார்கள். மாட்டுங்காவுக்கு வருவதென்றால் சாப்பாட்டையும் சங்கீதத்தையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். அந்தப் பேட்டை வளர்ந்த விதமே அப்படிப்பட்டது.

1896-இல் பம்பாயைப் பிளேக் தாக்கியதையடுத்து 1898-இல் தொடங்கப்பட்ட நகர மேம்பாட்டு அமைப்பான இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட், தாதர், மாட்டுங்கா பகுதிகளை அகலமான தெருக்களும் தோட்டங்களுமாக வகுத்தது. குமாஸ்தா வேலைக்கும் டைப்பிஸ்ட் வேலைக்கும் தெற்கிலிருந்து ரயிலேறி வந்த இளைஞர்கள் அங்கே அறை எடுத்துத் தங்கினார்கள். அவர்களுடைய பசிக்காகப் போர்டிங்குகளும் காபிக் கடைகளும், பண்டிகைக்கும் பஜனைக்கும் சமாஜங்களும், பிறகு சபாக்களும் தோன்றின. சண்முகானந்தா சபா 1952-இல் நிறுவப்பட்டது. அதன் பெரிய அரங்கம் 1963-இல் எழுந்து, 1990-இல் தீக்கு இரையாகி, மறுபடியும் கட்டப்பட்டது.

முதலில் ரயில் விஷயம். மாட்டுங்கா என்பது சென்ட்ரல் லைனில் உள்ள நிலையம். மாட்டுங்கா ரோடு என்பது வெஸ்டர்ன் லைனில் உள்ள வேறொரு நிலையம். போரிவலி, அந்தேரிப் பக்கமிருந்து வருகிறவர்கள் தாதரில் இறங்கிச் சென்ட்ரல் லைனுக்கு மாறிக்கொள்வது எளிது. ஃபாஸ்ட் வண்டி மாட்டுங்காவில் நிற்காது என்பதால் ஸ்லோ வண்டியில்தான் ஏற வேண்டும்.

மாட்டுங்கா நிலையத்தின் கிழக்கு வாசலை ஒட்டிய மார்க்கெட் கட்டடத்தின் மாடியில், ராமா நாயக் 1942-இல் தொடங்கிய உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் இருக்கிறது. கச்சேரி நாளில் இங்கே மதியச் சாப்பாட்டுக்கு வருவதுதான் புத்திசாலித்தனம். இரவுச் சாப்பாடு ஏழு மணியளவில் தொடங்குவதால் மாலைக் கச்சேரிக்கு முன்னால் அது கிடைக்காது. கச்சேரி முடிந்து வருவதற்குள் கடை மூடும் நேரமாகிவிடும். நுழைந்தவுடன் கல்லாவில் பணம் கட்டிக் கூப்பன் வாங்கிக்கொள்ள வேண்டும். அளவுச் சாப்பாடா, இலைச் சாப்பாடா என்பதை அங்கேயே சொல்லிவிட வேண்டும். முதன்முறை வருகிறவர்கள் கூடுதல் பணத்தைப் பார்க்காமல் இலைச் சாப்பாட்டையே கேளுங்கள். பூரி, கூட்டு, பொரியல் என்று தொடங்கிச் சாம்பார், ரசம், மோர் வரை வரிசையாக வரும். பரிமாறுகிறவர் வாளியோடு விரைந்து கடந்துபோவார். வேண்டாமென்றால் இலைக்குமேல் கையை நீட்டிக் காட்டினாலே போதும், அவர் அடுத்த இலைக்குப் போய்விடுவார். ரசத்துக்கு மட்டும் அப்படிக் கையை நீட்டிவிட வேண்டாம் என்பது என் அன்பான வேண்டுகோள். வாசலில் காத்திருப்பவர்கள் இருப்பார்கள் என்பதால், சாப்பிட்டு முடித்தபின் உட்கார்ந்து பேசுவது இங்கே மரியாதை ஆகாது.

மதியம் வர இயலாதவர்கள் நான்கு மணிக்கு டிபனுக்கு வரலாம். நிலையத்தின் அருகிலேயே 1939-இலிருந்து ராம் ஆஷ்ரயா இருக்கிறது. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் 1940-இலிருந்து கஃபே மெட்ராஸ் இருக்கிறது. பின்னதில் ரச வடையும் கேழ்வரகு தோசையும் பெயர் பெற்றவை. ஞாயிற்றுக்கிழமைகளில் காத்திருக்க நேரும். மேசையை அறிமுகமில்லாதவர்களோடு பகிர்ந்துகொள்ளவும் நேரும். திங்கட்கிழமையில் வருவதானால் கடை திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் வாங்குமுன் அன்றைய நிகழ்ச்சி என்ன என்பதை நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும், ஏனெனில் அரங்கம் வாடகைக்கும் விடப்படுகிறது; நாடகமும் திரைப்பாட்டு நிகழ்ச்சியும் அங்கே நடப்பதுண்டு. 2,700-க்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட அரங்கில் இடம் கிடைப்பது கடினமில்லை. எந்த இடம் என்பதுதான் கேள்வி. தரைத்தளத்தின் நடுவரிசைகளையும் முதல் பால்கனியின் முன்வரிசையையும் நான் சிபாரிசு செய்வேன். இரண்டாவது பால்கனியிலிருந்து பாடகரின் முகமும் மிருதங்கக்காரரின் விரல்களும் தெரியாது. கர்நாடக சங்கீதத்தில் பாதி ரசனை அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் பார்வையில் இருக்கிறது.

கச்சேரி தொடங்கக் கால் மணி நேரத்துக்கு முன்பே உட்கார்ந்துவிடுங்கள். தம்புராவின் சுருதி காதில் படிந்தபின் கேட்கும் வர்ணமும், அவசரமாக வந்து கேட்கும் வர்ணமும் ஒன்றல்ல. எழுந்துபோக வேண்டியிருந்தால் ஒரு கீர்த்தனை முடிந்து கைதட்டல் எழும்போது போகலாம். பாட்டு வரிகளில்லாமல் ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனையின் நடுவிலோ தனி ஆவர்த்தனத்திலோ போகக்கூடாது. அதுவரை பாட்டுக்குத் துணையாக வாசித்த மிருதங்கக்காரருக்கும் கடம் வாசிப்பவருக்கும் அன்றைய மாலையில் தனியாகக் கிடைப்பது அந்தச் சில நிமிடங்கள்தான். அந்த நேரத்தில் நூற்றுக்கணக்கானோர் முதுகைக் காட்டிக்கொண்டு வாசலுக்கு நடப்பதை மேடையிலிருந்து பார்க்கும் வித்வானின் நிலையை எண்ணிப் பார்த்தால் யாருக்கும் எழுந்திருக்க மனம் வராது. தாளக் கணக்குப் புரியாதவர்கள் பக்கத்து இருக்கை மாமியின் கையைக் கவனிக்கலாம்: ஒரு தட்டு, சுண்டுவிரலிலிருந்து மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு இரண்டு முறை தட்டித் திருப்பல் என்று எட்டு எண்ணிக்கையில் ஆதி தாளம் அவர் தொடைமீது ஓடிக்கொண்டிருக்கும். தனி ஆவர்த்தனத்தை முடித்துவைக்கும் தாளக் கணக்கான கோர்வை முடிந்து பாட்டு மீண்டும் சேரும் இடம் அப்போது தானாகவே பிடிபடும்.

கச்சேரியின் கடைசியில் சிறு பாட்டுகள் வரும் துக்கடா பகுதியில் பிடித்த பாட்டைக் கேட்க விரும்பினால் துண்டுச் சீட்டில் எழுதி முன்வரிசை வழியாக அனுப்பலாம். பாடகர் பாடாமல் போனால் அதைக் குறையாகக் கொள்ளக்கூடாது. மங்களம் பாடி முடியும்வரை இருங்கள்.

திரும்பும்போது வந்த வழியே மாட்டுங்கா நிலையத்துக்கு நடக்க வேண்டியதில்லை. செம்பூர், வாஷிக்காரர்களுக்கு ஜிடிபி நகர் நிலையமும், முலுண்ட், தாணேக்காரர்களுக்குச் சயானும், அந்தேரிப் பக்கம் போகிறவர்களுக்குக் கிங்ஸ் சர்க்கிளும் ஏற்றவை. முதியவர்களை அழைத்து வந்திருந்தால், அரங்கின் வாசலில் எல்லோரும் ஒரே நேரத்தில் டாக்ஸி தேடுவார்கள் என்பதால், கூட்டம் கலையும்வரை அவர்களை உள்ளேயே உட்காரவைத்துவிட்டு ஒருவர் மட்டும் வெளியே போய் வண்டி பிடித்து வருவது நல்லது.