‘மேன்’ என்று தொடங்குவதெல்லாம் கை அல்ல

லத்தீனில் கைக்கு ‘மனுஸ்’ என்று பெயர். (மனுஷனுக்கும் அதற்கும் தொடர்பில்லை.) அதிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொற்களில் மேன்யுவல் என்றால் கையேடு, மேனுஸ்கிரிப்ட் என்றால் கையெழுத்துப் பிரதி, மேனகிள் என்றால் கைவிலங்கு. தமிழோடு இவ்வளவு அழகாகப் பொருந்துவதைப் பார்த்ததும், சொல்வேர் படிக்கத் தொடங்குபவர்கள் கண்ணில் படும் ‘மேன்’ எல்லாவற்றையும் கையாக்கிவிடுகிறார்கள். வுமன், மேன்பவர் போன்றவற்றில் யாரும் அதிகம் ஏமாறுவதில்லை. அவற்றை விட்டுவிடலாம்.

எழுத்தைப் பார்த்து வேரைத் தீர்மானிப்பது

எரிச்சலூட்டும் தவறு இதுதான். பர்மனென்ட், ரிமெய்ன், மேன்ஷன் மூன்றையும் கைக் குடும்பத்தில் சேர்த்த பட்டியல்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் வேர் ‘மனேரே’; தங்கு, நிலைத்திரு என்று பொருள். ஒரு பட்டியலை இப்படி மனப்பாடம் செய்தவர், தெரியாத சொல் வரும்போதும் அதே தவறான வேரை வைத்துத்தான் ஊகிப்பார். பிழை ஒரு சொல்லோடு நிற்காது.

மெயின்டெய்ன், ரிமெய்ன், மெயின் மூன்றிலும் காதில் விழுவது ஒரே ஒலி. முதலாவது ‘மனு தெனேரே’, அதாவது கையில் பிடித்திருத்தல், பிரெஞ்சு வழியாக வந்தது. இரண்டாவது ‘மனேரே’. மூன்றாவது லத்தீனே இல்லை. வலிமையைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல். நடத்தையைக் குறிக்கும் மேனரில் கை உண்டு. அதே உச்சரிப்புள்ள, பண்ணையார் மாளிகையைக் குறிக்கும் மேனரில் இல்லை.

சோதிக்க ஒரு வழி இருக்கிறது. சொல்லை முதலில் அதன் லத்தீன் வடிவத்துக்குக் கொண்டுபோங்கள். கையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது தனிப் பொருளுள்ள லத்தீன் துண்டுதானா என்று பாருங்கள். பிறகு இரண்டையும் ஒட்டி, பழைய பொருள் வருகிறதா என்று பாருங்கள். மேன்டேட்டின் மூலம் ‘மந்தாரே’: மனுஸ் போக மிஞ்சுவது ‘தரே’, கொடு. கையளித்தல். பொருந்துகிறது. (தமிழ்த் ‘தா’வோடு உறவு தேடக் கிளம்ப வேண்டாம்.) கமாண்ட், டிமாண்ட், ரெகமெண்ட் எல்லாம் இதன் பிள்ளைகள். தாடையெலும்பான மேன்டிபிளோ மெல்லுதலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. அதைப் பிரித்தால் மிஞ்சுவதற்குப் பொருளில்லை. மேன்டரின் நம் மந்திரியேதான்: சமஸ்கிருதத்திலிருந்து மலாய், போர்ச்சுகீசியம் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. மேங்கோவை இந்தப் பட்டியலில் வைக்கும் தமிழரை என்ன சொல்வது? அது நம் மாங்காய்.

தமிழ் ஒப்புமையை முழுதாக நம்புவது

கையளி, கைப்பற்று என்ற கூட்டுகள் மந்தாரேயையும், மனுஸோடு ‘கபேரே’ (பற்று) சேர்ந்து உருவான ‘மன்கிபியும்’ என்பதையும் அச்சாகக் காட்டும். ஆனால் மேனுமிட் என்ற சொல்லில் கையும் விடுதலும் இருந்தாலும் அது நம் ‘கைவிடு’ அல்ல. ரோமச் சட்டத்தில் கை என்பது அதிகாரம். தன் அதிகாரத்திலிருந்து அடிமையை விடுவிப்பதே மேனுமிட். திக்கற்றவராக விட்டுவிடுவதும் விடுதலை தருவதும் ஒன்றா?

நடுவில் இருக்கும் கையைத் தவறவிடுவது

எமேன்சிபேட்டில் முதலெழுத்து வேறாக இருப்பதால் பலர் தாண்டிப் போகிறார்கள். ரோமில் நிலம், அடிமை போன்றவற்றை வாங்குபவர் குறைந்தது 5 சாட்சிகளும் தராசு பிடிப்பவர் ஒருவரும் முன்னிற்க, பொருளைக் கையால் பற்றி உரிமை கோர வேண்டும். அந்தப் பற்றுதலிலிருந்து வெளியேற்றுவது எமேன்சிபேட். ரோமின் பழைய சட்டத் தொகுப்பான பன்னிரு பலகைச் சட்டப்படி, தகப்பன் மகனை 3 முறை விற்றால் மகன் விடுபடுவான். பிற்காலத்தில் வேண்டுமென்றே 3 முறை விற்பதுபோல் நடித்து மகனை விடுவித்தார்கள். இன்று உரிமைப் போராட்டங்களில் ஒலிக்கும் சொல்லின் பூர்வீகம் இது.

மாஸ்டிஃப் நாயிலும் கை உண்டு: ‘மன்சுவேதுஸ்’, கைக்குப் பழகியது. எருவான மேன்யூரும் ராணுவ மேனூவரும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள். கையால் வேலை செய்தல் என்பதே மூலம். நிலத்தைக் கைப்பாடுபட்டுப் பண்படுத்துவது, பிறகு நிலத்தில் இடும் எருவையே குறித்தது.

வேர்ப்பொருளை வைத்து வாதாடுவது

மேனுஃபேக்சர் என்றால் கையால் செய்வது, எனவே இயந்திரத்தில் செய்ததை அப்படிச் சொல்லக் கூடாது என்று திருத்த வருபவர்களுக்கு: பேசுகிறவர்கள் அந்தக் கையை எப்போதோ விலக்கிவிட்டார்கள்.

சர்ஜனை லத்தீனில் சேர்ப்பது

அதிலும் கை இருக்கிறது. கிரேக்கக் கை.

மனுஸின் பன்மையை ‘மனி’ ஆக்குவது

கூடாது. பன்மையும் அதுவேதான், உகரம் மட்டும் நீளும்: மனூஸ்.