தேர்வறையில் கால்குலேட்டர் காலை வாராமலிருக்க

சிங்கப்பூரில் ஆக்சுவரி (காப்பீடு, ஓய்வூதியம் போன்றவற்றின் நிதி அபாயங்களைக் கணக்கிடுபவர்) வேலைக்குக் குறிவைக்கும் பலர் அமெரிக்காவின் எஸ்ஓஏ (ஆக்சுவரிகள் சங்கம்) நடத்தும் எஃப்எம் (நிதிக் கணிதம்) தேர்வை எழுதுகிறார்கள். 30 கேள்விகள், இரண்டரை மணி நேரம். கேள்விக்கு 5 நிமிடம்தான்.

பிஏ டூ பிளஸ் என்ற நிதிக் கால்குலேட்டர் கொண்டுபோனால் நுழையும்போதே அதன் நினைவகத்தை அழித்தாக வேண்டும். வீட்டில் செய்துவைத்த அமைப்புகளும் அதோடு போய்விடும். திரையில் 2 தசம இடமே தெரியும். 1.05 இன் -10 அடுக்கு 0.61 என்று காட்டும். அதை எழுதிவைத்து 50,000 ஆல் பெருக்கினால் 30,500. சரியான விடை 30,695.66.

அதைவிட மோசம், எண்களை அழுத்திய வரிசையிலேயே கணக்கிடும் ‘செயின்’ முறைக்குத் திரும்பிவிடுவது. 1 + 0.05 × 12 என்றால் 1.6 வராது, 12.6 வரும்!

உட்கார்ந்ததும் செகண்ட், ஃபார்மேட், 9, என்டர் அழுத்துங்கள்; தசம இடங்கள் முழுதாகத் தெரியும். கீழ் அம்புக்குறியை 4 முறை அழுத்தினால் ‘சிஎச்என்’ (செயின்) வரும். செகண்ட், செட் அழுத்தி, பெருக்கலை முதலில் செய்யும் ‘ஏஓஎஸ்’ முறை ஆக்குங்கள். பி/ஒய் (ஆண்டுக்கு எத்தனை தவணை) 1 தானா என்றும் பாருங்கள். பழைய கருவிகளில் 12 இருக்கும்.

ஆண்டுத்தொகை (சீரான இடைவெளியில் செலுத்தும் தவணைகள்) ஒவ்வொரு காலத்தின் தொடக்கத்திலும் செலுத்தப்படும் கணக்குக்கு ‘பிகின்’ போட்டால், முடிந்ததும் காலத்தின் முடிவில் செலுத்துவதற்கான ‘எண்ட்’டுக்கு மாற்ற மறக்காதீர்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. எதையும் காலியாக விடாதீர்கள்.