பழைய டீசல் காரில் வேறு எஞ்சின் ஏற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் டீசல் அம்பாசிடரை விற்க மனமில்லாமல் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எஞ்சின் தேய்ந்து புகை தள்ளத் தொடங்கும் நேரத்தில், "நல்ல எஞ்சின் ஒன்று சல்லிசாக வந்திருக்கு" என்று யாராவது சொன்னால் உடனே அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலான தொல்லைகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

பணம் கொடுப்பதற்கு முன்பு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போங்கள். ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியில் மாற்றம் செய்வதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 திருத்தத்தின்படி, விதிக்குப் புறம்பான ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். "முதலில் ஏற்றுவோம், அப்புறம் ஆர்.சி.யில் சேர்த்துக்கொள்ளலாம்" என்று வொர்க்‌ஷாப்பில் சொன்னால் நம்ப வேண்டாம். நாகர்கோவில் (டி.என். 74) ஆனாலும் மார்த்தாண்டம் (டி.என். 75) ஆனாலும், உங்கள் வண்டிக்கு அந்த எஞ்சினை அனுமதிப்பார்களா என்று முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எஞ்சினுக்கு பில்லும், அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான காகிதமும் வேண்டும். எஞ்சின் நம்பரைச் சுரண்டியிருந்தால் தொடவே தொடாதீர்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் விபத்து நேரத்தில் கிளெய்ம் கையை விட்டுப் போகலாம்.

எஞ்சினைத் தேர்ந்தெடுப்பதில் என் கருத்து ஒன்றுதான்: அதே பாடியில் கம்பெனியே முன்பு பொருத்திய எஞ்சினை எடுங்கள். 1,489 சி.சி. டீசல் அம்பாசிடருக்குப் பிறகு, அதே பாடியில் 1,995 சி.சி. இசுசு டீசலும் வந்தது. அப்படி ஒரு வண்டியின் எஞ்சினை அதன் கியர் பாக்ஸ், மவுண்டிங் (எஞ்சினைத் தாங்கும் பிடிப்பு), ரேடியேட்டரோடு சேர்த்து எடுத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஸ்விஃப்ட்டில் வந்த 1,248 சி.சி. எஞ்சின் எளிதாகக் கிடைக்கும், ஆசையும் வரும். ஆனால் அது முன்சக்கரத்தை ஓட்டும் காருக்காக, குறுக்கே வைக்கும்படி செய்யப்பட்டது. அம்பாசிடரிலோ எஞ்சின் நீளவாக்கில் இருந்து பின்சக்கரத்தை ஓட்டுகிறது. தவிர, அது கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசலைத் தெளிக்கும் காமன் ரெயில் எஞ்சின்; அதற்கு இ.சி.யூ. (அந்தக் கம்ப்யூட்டர்), முழு வயரிங், ஆக்ஸிலேட்டர் பெடல், சாவியோடு இம்மொபிலைசர் (வேறு சாவியில் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் பூட்டு) எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் ஸ்டார்ட் ஆகாமலோ சரியாக ஓடாமலோ போகும்.

பழைய கியர் பாக்ஸையே வைத்துக்கொண்டால், எஞ்சினையும் அதையும் இணைக்கும் அடாப்டர் பிளேட்டை லேத்தில் கடைந்து போடுவார்கள். மையம் ஒரு மயிரிழை விலகினாலும் கிளட்ச்சும் கியர் பாக்ஸின் முன் பேரிங்கும் சீக்கிரம் போய்விடும். டயல் கேஜ் (நுண்ணிய விலகலைக் காட்டும் முள் மானி) வைத்துப் பார்க்காமல் கண்ணளவில் போல்ட் போடும் இடத்தில் வண்டியைக் கொடுக்காதீர்கள். எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் சம்ப், வண்டியின் குறுக்கே போகும் கிராஸ் மெம்பர் சட்டத்தில் இடித்தால், கிராஸ் மெம்பரை வெட்ட விடவே கூடாது; ஸ்டியரிங்கும் சஸ்பென்ஷனும் அதை நம்பித்தான் இருக்கின்றன.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது பிரேக். பெட்ரோல் எஞ்சினைப் போல டீசல் எஞ்சினின் காற்றுக் குழாயில் போதுமான வெற்றிடம் உருவாகாது. அதனால் பெடலை மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பிரேக் பூஸ்டருக்குத் தனி வேக்குவம் பம்ப் வேண்டும். பல எஞ்சின்களில் அது, பேட்டரிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் பின்புறத்தில் இருக்கும். மாற்றும்போது "இருக்கிற ஆல்டர்னேட்டரே போதும்" என்று பம்ப் இல்லாததை மாட்டிவிட்டால் பூஸ்டர் செத்தது. சமதளமான ரோட்டில் பெடல் கொஞ்சம் கனமாக இருப்பதாகத்தான் தோன்றும். பேச்சிப்பாறைப் பக்கத்து இறக்கத்தில், மழையில், குடும்பத்தோடு வரும்போதுதான் ஆபத்து புரியும். சோதிப்பது எளிது: எஞ்சினை நிறுத்தி, பெடலை நாலைந்து முறை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலுக்குக் கீழே சற்று இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வண்டி வொர்க்‌ஷாப்பை விட்டு வெளியே வரக் கூடாது.

மற்றவை சிறியவை, ஆனால் மறப்பவை. மிஞ்சிய டீசல் டேங்குக்குத் திரும்பும் லைனை விட்டுவிடக் கூடாது. பழைய டேங்கின் துரு புதிய பம்ப்பைக் கெடுக்கும், கழற்றிக் கழுவிவிடுங்கள். குளச்சல், முட்டம் பக்கம் உப்புக் காற்றில் நிற்கும் வண்டியாக இருந்தால், மவுண்டிங் வெல்டிங் வைக்கும் முன் சேஸிஸ் தகட்டைத் துரு தின்றிருக்கிறதா என்று சுத்தியலால் தட்டிப் பாருங்கள். எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையே தடித்த எர்த் பட்டை (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) போடுங்கள்.

ஏற்றி முடித்ததும் நேராகத் திருவனந்தபுரம் கிளம்பிவிடாமல் சில நாள் ஊருக்குள்ளேயே ஓட்டுங்கள். பிறகு மவுண்டிங் போல்ட்டை மறுபடி இறுக்கி, ஹோஸ்களில் கசிவு பார்த்து, ஆள் ஏற்றி ஒரு ஏற்றத்தில் வெப்ப முள் எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள்.