ஃபெனிடோயினும் தொடை வலியும்: என் அனுபவம்

வலிப்புக்காகப் பல ஆண்டுகளாக ஃபெனிடோயின் சாப்பிடுகிறேன். படியேறினால் தொடை வலித்தது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. வலி மாத்திரை, தைலம் எதற்கும் வலி அடங்கவில்லை. ரத்தப் பரிசோதனையில் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி மட்டும் கூடியிருந்ததால் கல்லீரல் ஸ்கேன் எடுத்தார்கள். அதில் குறையே இல்லை.

அந்த நொதி எலும்பிலிருந்தும் வரும் என்பதை நரம்பியல் மருத்துவர்தான் கவனித்தார். ஃபெனிடோயின் கல்லீரல் நொதிகளைத் தூண்டி வைட்டமின் டி-யை வேகமாகச் சிதைத்துவிடுமாம்; அது குறைந்தால் எலும்பும் தசையும் பலவீனமாகி வலிக்குமாம். உடலில் வைட்டமின் டி எவ்வளவு என்று காட்டும் 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி அளவைப் பார்த்தோம், அடிமட்டத்தில் இருந்தது. ஃபோலேட் என்ற பி வைட்டமினும் குறைவு, ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் அதிகம். இதயநோய் அபாயத்தோடு ஹோமோசிஸ்டீனுக்குத் தொடர்பு உண்டு என்பதால் கொழுப்பளவையும் பார்த்தார்.

வைட்டமின் டி, கால்சியம் தொடங்கிய பிறகு வலி படிப்படியாகக் குறைந்தது, அப்பாடா என்றிருந்தது. ஃபோலேட் குறைவுக்கான ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். அது ரத்தத்தில் ஃபெனிடோயின் அளவைக் குறைத்து வலிப்பைத் திரும்ப வரவழைக்கலாம்.